முதுகில் போடும் ஊசி: தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்த டாக்டர் ஆகஸ்ட் பீர்

வீட்டில் அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டுப் பாருங்கள். சிசேரியன் மூலம் குழந்தை பெற்றவர்களில் பலரும் முதுகில் போட்ட அந்த ஊசியைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

இடுப்புக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை, ஆனால் குழந்தை அழுத சத்தம் காதில் கேட்டது என்று சிலர் சொல்வார்கள். இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறது, அந்த ஊசிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள்.

அந்த ஊசிக்கு 125 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அதன் மையத்தில் இருப்பவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் பீர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். (ஆமாம், ஜெர்மன் மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கு நீங்கள் நினைக்கும் அதே பீர்தான் பொருள்!)

உடம்பில் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆளை விழிப்போடு வைத்தே அறுவைச் சிகிச்சை செய்வதற்கு ரீஜனல் அனஸ்தீசியா என்று பெயர். அதில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் 2 முறைகள் பீரின் கையிலிருந்து வந்தவை.

அந்த மருந்து வேலை செய்யுமா? பாதுகாப்பானதா? இந்த 2 கேள்விகளுக்கும் பதில் தேடி அவர் என்னவெல்லாம் செய்தார்? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

யார் இந்த ஆகஸ்ட் பீர்?

1861ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி, ஜெர்மனியின் வால்டெக் வட்டாரத்தில் உள்ள ஹெல்சென் என்ற சிற்றூரில் பிறந்தார். பெர்லின், லைப்ஸிக், கீல் ஆகிய நகரங்களில் மருத்துவம் படித்தார்.

பிறகு கீல் நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஃபிரெட்ரிஷ் ஃபோன் எஸ்மார்க் என்ற புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

எஸ்மார்க் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கை, கால்களில் அறுவைச் சிகிச்சை செய்யும்போது ரத்தம் கொட்டாமல் இருக்க, ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளும் முறையைப் பரப்பியவர் அவர். அந்த ரப்பர் பட்டை இந்தக் கதையில் பின்னால் மறுபடியும் வரும்.

அப்போது மயக்க மருந்தே இல்லையா?

இருந்தது. 1846இல் ஈதரும், 1847இல் குளோரோஃபார்மும் அறுவைச் சிகிச்சைக்கு வந்துவிட்டன. நோயாளியைத் தூங்கவைத்து அறுக்க முடிந்தது.

ஆனா, தூங்கியவர்கள் எல்லாரும் நல்லபடியாக எழுந்திருக்கவில்லை.

குளோரோஃபார்ம் சிலருடைய இதயத்தை மேசையிலேயே நிறுத்தியது. ஈதர் கொடுத்தவர்களுக்குக் கடும் வாந்தி வந்தது. நுரையீரல் கெட்டது. இன்றுபோல் மூச்சுக் குழாய், ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி, இதயத் துடிப்பைக் காட்டும் திரை எதுவும் அப்போது இல்லை. முகத்தில் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான் கண்காணிப்பு.

காலில் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்காக முழு உடம்பையும் இப்படி ஆபத்தில் தள்ளணுமா? அந்தக் கால மருத்துவர்களைக் குடைந்த கேள்வி இதுதான்.

கண்ணில் விட்ட ஒரு சொட்டு

முதல் பதில் 1884இல் வியன்னாவிலிருந்து வந்தது.

தென் அமெரிக்காவின் கோக்கா இலையிலிருந்து எடுக்கப்படும் கொக்கேயின், நாக்கில் பட்டால் நாக்கு மரத்துப்போகும் என்பது ஏற்கனவே தெரியும். கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் அதைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். முதலில் விலங்குகளின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசியின் தலையால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கண் மருத்துவர்கள் மாநாட்டில் அது அறிவிக்கப்பட்டது. பயணச் செலவுக்குக் காசில்லாததால் கோலரால் போக முடியவில்லை; அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார்.

செய்தி வேகமாகப் பரவியது. நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், நரம்புக்குப் பக்கத்திலேயே கொக்கேயினை ஊசியால் செலுத்தி, அந்த நரம்பு போகும் இடம் முழுவதையும் மரத்துப்போகச் செய்தார். தன் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார். விளைவு? அவரே கொக்கேயினுக்கு அடிமையாகிவிட்டார். அதிலிருந்து மீளப் பல காலம் போராட வேண்டியிருந்தது.

மருந்து வேலை செய்தது. ஆனால் அதற்கு இருந்த இன்னொரு முகம் அப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதுகெலும்புக்கு ஏன் போனார்கள்?

ஒவ்வொரு நரம்பாகத் தேடித் தேடி ஊசி போடுவது சிரமம். கீழ் உடம்பின் நரம்புகள் எல்லாம் முதுகுத்தண்டிலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கேயே மருந்தைச் செலுத்தினால்?

1885இல் நியூயார்க்கின் லெனர்ட் கார்னிங் என்ற நரம்பியல் மருத்துவர், முதுகெலும்புகளுக்கு இடையே கொக்கேயினைச் செலுத்திப் பார்த்தார். கால்கள் மரத்துப்போயின. ஆனால் ஊசி எந்த ஆழம் வரை போனது, மருந்து எங்கே தங்கியது என்பதில் இன்றுவரை வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு.

1891இல் இன்னொரு வழி திறந்தது. அதுவும் பீர் வேலை பார்த்த அதே கீல் நகரில். ஹைன்ரிஷ் குவிங்கெ என்ற மருத்துவர், இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் தெளிந்த நீரை எடுத்துக் காட்டினார். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி மெத்தைபோல் இருக்கும் நீர் அது.

இதில் ஒரு முக்கியமான விஷயம்: பெரியவர்களுக்கு முதுகுத்தண்டு இடுப்பு வரை நீண்டு வருவதில்லை. இடுப்பெலும்புப் பகுதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் அந்த நீரில் மிதக்கின்றன. அதனால் அங்கே ஊசி போட்டால் முதுகுத்தண்டைக் குத்தும் ஆபத்து மிகக் குறைவு.

நீரை வெளியே எடுக்க வழி இருக்கிறது என்றால், அதே வழியில் மருந்தை உள்ளே அனுப்பவும் முடியும்தானே? பீருக்குத் தோன்றியது அதுதான்.

1898 ஆகஸ்ட் 16: முதல் நோயாளி

கீல் மருத்துவமனைக்கு 34 வயதுத் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். காசநோய் அவருடைய கணுக்கால் மூட்டைத் தாக்கியிருந்தது. ஏற்கனவே பல தடவை முழு மயக்கம் கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மயக்கத்தின் பின்விளைவுகளால் மிகவும் அவதிப்பட்டவர்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குவிங்கெ காட்டிய வழியில் ஊசியைச் செலுத்தி, 15 மில்லிகிராம் கொக்கேயினைக் கொடுத்தார் பீர். சற்று நேரத்தில் கால்கள் மரத்துப்போயின. வலியே இல்லாமல் அறுவைச் சிகிச்சை முடிந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதன்பிறகு அந்த நோயாளிக்கு வாந்தியும் தலைவலியும் வந்தன.

அடுத்தடுத்து இன்னும் 5 பேருக்கு அதேபோல் செய்தார். எல்லாருக்கும் கால்கள் மரத்தன. ஆனால் பலருக்கும் பிறகு தலைவலி, குமட்டல், வாந்தி.

இது அறுவைச் சிகிச்சையால் வந்ததா, மருந்தால் வந்ததா, ஊசியால் வந்ததா? நோயாளிகளை வைத்து இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. நோய் இல்லாத, அறுவைச் சிகிச்சையும் நடக்காத ஓர் உடம்பு வேண்டும்.

பீர் தன்னையே தேர்ந்தெடுத்தார்.

ஆகஸ்ட் 24: நடந்தது என்ன?

அன்று மாலை பீர் படுத்துக்கொண்டார். ஊசி போட்டவர் அவருடைய உதவியாளர். அவர் பெயரும் ஆகஸ்ட்தான்: ஆகஸ்ட் ஹில்டபிராண்ட். மாதமும் ஆகஸ்ட். இப்படியும் அமைகிறது பாருங்கள்!

ஊசி சரியான இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் மருந்து நிரப்பிய சிரிஞ்சு அந்த ஊசியில் பொருந்தவில்லை. ஹில்டபிராண்ட் சரிசெய்யப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், பீரின் முதுகிலிருந்து அந்தத் தெளிந்த நீர் நிறையவே வழிந்துவிட்டது. மருந்தும் பெரும்பாலும் வீணாயிற்று. மரத்துப்போகவே இல்லை. சோதனையை நிறுத்தினார்கள்.

வேறொருவராக இருந்தால் அன்றைக்கு அதோடு விட்டிருப்பார். ஆனால் ஹில்டபிராண்ட், தன் மீது செய்து பார்க்கலாம் என்று முன்வந்தார்.

இந்த முறை பீர் ஊசி போட்டார். 5 மில்லிகிராம் கொக்கேயின். சிரிஞ்சு பொருந்தியது.

சில நிமிடங்களில் ஹில்டபிராண்டின் கால்களில் வலி தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பதறவும் செய்யும்.

• தொடையில் ஊசியால் ஆழமாகக் குத்தினார். வலிக்கவில்லை.

• பல் வைத்த இடுக்கியால் தோலைக் கிள்ளினார். வலிக்கவில்லை.

• எரியும் சுருட்டைக் காலில் வைத்தார். சூடு தெரிந்தது, வலி தெரியவில்லை.

• முன்னங்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். வலிக்கவில்லை.

• ரோமத்தைப் பிடுங்கினார். கீழே வலிக்கவில்லை, நெஞ்சில் பிடுங்கியபோது நன்றாகவே வலித்தது.

• இதற்கு மேலும், சொல்லக் கூச்சப்படும் இடங்களிலும் சோதித்தார். நிமிடக் கணக்கோடு எல்லாவற்றையும் எழுதிவைத்தார்.

சுமார் 45 நிமிடங்களில் உணர்வு திரும்பியது. இருவருக்கும் ஒரே குஷி. இரவு உணவு, மது, சுருட்டு என்று கொண்டாடினார்கள்.

மறுநாள்தான் விலை தெரிந்தது.

பீருக்குக் கடுமையான தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் தாங்க முடியவில்லை, படுத்தால் அடங்கியது. 9 நாள் இப்படியே போனது. ஹில்டபிராண்டுக்கு வாந்தி, தலைவலி. கூடவே சுத்தியல் அடி வாங்கிய கால்களில் வலியும் காயமும். உடம்பு மரத்திருந்தபோது தெரியாத அடி, மருந்து இறங்கியதும் வட்டியோடு வந்தது.

வலி இல்லை, ஆனால் தொட்டது தெரிந்தது: எப்படி?

சுருட்டின் சூடு தெரிந்தும் வலி தெரியாமல் போனது எப்படி என்று அன்றைக்குத் தெளிவாக விளக்க முடியவில்லை. இன்று ஓரளவு முடியும்.

நரம்பு வழியாகச் செய்தி போவது ஒரு வகை மின்னோட்டம். நரம்புச் சுவரில் உள்ள சின்னஞ்சிறு கதவுகள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் அந்தச் செய்தி அடுத்த இடத்துக்கு நகரும். கொக்கேயின் முதல் இன்றைய லிடோகெயின் வரை, மரத்துப்போகச் செய்யும் எல்லா மருந்தும் அந்தச் சோடியம் கதவுகளை அடைத்துவிடுகின்றன. கதவு திறக்காவிட்டால் செய்தி மூளைக்குப் போகாது. மருந்து கரைந்து வெளியேறியதும் கதவுகள் பழையபடி திறக்கும்.

எல்லா நரம்பிழைகளும் ஒரே நேரத்தில் அடைபடுவதில்லை. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் பொதுவாக முதலில் அடங்கும். தொடு உணர்வுக்கும் தசை அசைவுக்கும் உரிய தடித்த இழைகள் பிறகுதான் அடங்கும். சிசேரியன் நேரத்தில் வலி இல்லாமல், யாரோ வயிற்றில் அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்பிழைகளும் மெல்லியவை. அவையும் அடைபடுவதால்தான் முதுகில் ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதனால்தான் மருத்துவர்கள் அந்த நேரத்தில் அடிக்கடி அழுத்தம் பார்க்கிறார்கள், மருந்து கொடுத்து அதைச் சரிசெய்கிறார்கள்.

தலைவலிக்குக் காரணம் என்ன?

இதற்கான பதிலை பீர் தன் உடம்பிலிருந்தே தெரிந்துகொண்டார்.

அவருக்கு மருந்து சரியாக உள்ளே போகவே இல்லை. ஆனாலும் கடும் தலைவலி வந்தது. அப்படியென்றால் மருந்து மட்டும் காரணமாக இருக்க முடியாது. வழிந்துபோன அந்த நீருக்கும் தலைவலிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். நீர் வெளியேறுவதைக் கூடியமட்டும் தடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

அவர் கணிப்பு சரிதான். பெரியவர்களின் உடம்பில் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான் இருக்கிறது. ஊசி போட்ட ஓட்டை வழியாக அது கசிந்தால், எழுந்து நிற்கும்போது மூளைக்கு இருக்கும் மெத்தை குறைகிறது. அதனால்தான் படுத்தால் வலி அடங்குகிறது, எழுந்தால் வருகிறது.

இன்றைக்கு முதுகில் போடும் ஊசி தலைமுடிபோல் மெல்லியது. முனையும் பென்சில் முனைபோல் இருக்கும். சவ்வை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். அதனால் தலைவலி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியே வந்து அடங்காவிட்டால், நோயாளியின் சொந்த ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்துக்கு வெளியே செலுத்தி, ஓட்டையை அடைக்கும் சிகிச்சையும் உண்டு.

பீரின் 9 நாள் தலைவலிக்குக் கிடைத்த பலன் இது.

பெயர் யாருக்கு?

1899இல் பீர் தன் கட்டுரையை வெளியிட்டார். 6 நோயாளிகளின் கதையோடு, தங்கள் இருவர் உடம்பில் நடந்த சோதனையையும் மறைக்காமல் எழுதினார். பக்கவிளைவுகளைப் பார்த்தபிறகு, இப்போதைக்கு இதை மனிதர்களிடம் தொடர்வது நியாயமில்லை என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

ஆனால் உலகம் காத்திருக்கவில்லை. பாரிஸில் தியோடோர் டுஃபியே என்ற மருத்துவர் இந்த முறையைக் கையில் எடுத்தார். ஓரிரு ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிவிட்டது.

கட்டுரையில் ஆசிரியர் பெயர் பீருடையது மட்டும்தான். சுத்தியல் அடி வாங்கிய ஹில்டபிராண்டின் பெயர் அந்த இடத்தில் இல்லை. பின்னாளில் இருவருக்கும் உறவு கெட்டது. இந்த முறையை முதலில் கண்டவர் கார்னிங்தான் என்று வாதாடியவர்கள் பக்கம் ஹில்டபிராண்ட் போய்ச் சேர்ந்தார்.

பீரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாகணும். அவர் தன் உடம்பில் சோதித்தது துணிச்சல்தான். ஆனால் அதற்கு முன்பே 6 நோயாளிகளிடம் செய்துவிட்டார். இன்றைய விதிகளின்படி அந்த வரிசை தலைகீழ். முதலில் ஆய்வகம், விலங்குகள், பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதி, விவரம் சொல்லி எழுத்தில் பெறும் சம்மதம், அதற்குப் பிறகுதான் மனிதர்கள்.

கொக்கேயினுக்கு விடைகொடுத்த மருந்து

ஊசி போடும் முறை கிடைத்துவிட்டது. மருந்துதான் ஆபத்தாக இருந்தது. கொக்கேயின் ரத்தத்தில் அதிகம் கலந்தால் வலிப்பு வரும், இதயம் தாளம் தப்பும். அடிமையாக்கும் குணம் வேறு.

1904இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் புரோகெயின் என்ற மருந்தை உருவாக்கினார். நோவோகெயின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1905இல் ஹைன்ரிஷ் பிரவுன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் அதைச் சோதித்து அறிவித்தார். கொக்கேயின்போல் அடிமையாக்காது, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு.

குறை இல்லாமலா? மரப்பு சீக்கிரம் விட்டுவிடும். சிலருக்கு ஒவ்வாமை வரும். ஆனாலும் அடுத்த 40 ஆண்டுகளுக்கு அதுதான் முதல் தேர்வு. 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கிய பிறகே நிலைமை மாறியது. பல் மருத்துவர் உங்கள் ஈறில் போடும் ஊசியில் இன்று இருப்பது பெரும்பாலும் லிடோகெயினோ அதன் உறவினரோதான்.

1908: ரப்பர் பட்டை மறுபடியும் வருகிறது

இதற்குள் பீர் நன்றாக உயர்ந்துவிட்டார். 1899இல் கிரைஃப்ஸ்வால்ட், 1903இல் பான், 1907இல் பெர்லின் என்று பேராசிரியர் பதவிகள் தேடி வந்தன.

1908 ஏப்ரலில், பெர்லினில் நடந்த ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் மாநாட்டில் அவர் இன்னொரு புது முறையை முன்வைத்தார். இன்று அதற்கு அவர் பெயர்தான்: பீர் பிளாக்.

எப்படிச் செய்வார்கள்?

1. தன் ஆசான் எஸ்மார்க்கின் ரப்பர் பட்டையைக் கையில் இறுக்கிச் சுற்றி, ரத்தத்தை எல்லாம் மேலே தள்ளிவிடுவார்.

2. ரத்தம் திரும்பி வராமல், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இறுக்கிக் கட்டுவார்.

3. இரண்டு கட்டுக்கும் நடுவே உள்ள ரத்தக் குழாயில் புரோகெயினைச் செலுத்துவார்.

காலியான ரத்தக் குழாய்களை மருந்து நிரப்பி, அங்கிருந்து கசிந்து நரம்புகளைச் சென்றடையும். அந்தப் பகுதி மரத்துப்போகும். கட்டை அவிழ்த்தால் ரத்தம் ஓடும், மருந்து கரைந்துபோகும், உணர்வு திரும்பும். நரம்பைத் தேட வேண்டிய வேலையே இல்லை.

சில காலம் மறக்கப்பட்டிருந்த இந்த முறை, 1963இல் லிடோகெயினோடு மறுபடியும் உயிர்பெற்றது. இன்றும் மணிக்கட்டு எலும்பு முறிவைச் சரிசெய்யவும் கையில் சிறு அறுவைச் சிகிச்சைகளுக்கும் பயன்படுகிறது. இப்போது ரப்பர் பட்டையால் கட்டுவதற்குப் பதிலாகக் காற்றடைத்த இரட்டைப் பட்டைகள்.

அந்தப் பட்டையில்தான் உயிர் இருக்கிறது

பீர் பிளாக்கில் மொத்த மருந்தும் ரத்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. அது இதயத்துக்குப் போகாமல் தடுப்பது அந்தப் பட்டை ஒன்றுதான்.

பட்டை சீக்கிரம் தளர்ந்துவிட்டால்? மருந்து ஒரே நேரத்தில் இதயத்துக்கும் மூளைக்கும் பாயும். அதனால், அறுவைச் சிகிச்சை 5 நிமிடத்தில் முடிந்தாலும் பட்டையைக் குறைந்தது 20 நிமிடமாவது அவிழ்ப்பதில்லை. அதற்குள் மருந்தின் பெரும்பகுதி திசுக்களில் பிடித்துக்கொள்ளும்.

மருந்தின் தேர்வும் முக்கியம். பியூபிவகெயின் என்ற மருந்து நீண்ட நேரம் வேலை செய்யும். முதுகில் சிறிய அளவில் போட அருமையான மருந்து. ஆனால் ரத்தத்தில் மொத்தமாகக் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும், மீட்பதும் கடினம். பீர் பிளாக்கில் அதைப் பயன்படுத்தியபோது உயிரிழப்புகள் நேர்ந்தன. அதனால் இப்போது அந்த முறைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரே மருந்து, ஓரிடத்தில் வரம், வேறிடத்தில் விஷம்.

மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்தால் உடம்பு முன்கூட்டியே எச்சரிப்பதுண்டு: வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல். அதற்கும் மேலே போனால் வலிப்பு, இதயம் நிற்பது. இதனால்தான் மருத்துவர்கள் உடல் எடையைப் பார்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள். மருந்தைச் செலுத்தும் முன் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பையும் ரத்தக் குழாயையும் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிறார்கள்.

அப்படியும் தவறினால் மாற்று மருந்து உண்டு: ஊட்டச்சத்துக்காக நரம்பில் ஏற்றும் கொழுப்புக் குழம்பு. பால்போல் வெள்ளையாக இருக்கும். ரத்தத்தில் உள்ள மருந்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு இதயத்தை விடுவிக்க உதவும். அமெரிக்க மருத்துவர் கை வைன்பெர்க் 1990களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது இது.

மருத்துவமனைக்கு வெளியே பீர்

பீரின் ஆர்வம் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

முதலாம் உலகப் போரில், சின்னஞ்சிறு குண்டுச் சிதறல்கள் வீரர்களின் மண்டைக்குள் புகுந்து மூளையைக் கெடுப்பதைப் பார்த்தார். பொறியாளர் ஃபிரெட்ரிஷ் ஷ்வெர்டோடு அவர் நடத்திய பேச்சுகளிலிருந்து பிறந்ததுதான் 1916இல் ஜெர்மன் வீரர்களுக்குக் கிடைத்த எஃகுத் தலைக்கவசம். 1920இல் பெர்லினில் தொடங்கப்பட்ட உடற்கல்விக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார்.

1912இல் பெர்லினுக்குக் கிழக்கே ஸவன் என்ற ஊரில் ஒரு பண்ணையை வாங்கினார். மணல் மண்ணில் பைன் மரம் மட்டுமே நின்ற இடத்தில், பலவகை மரங்களை நட்டுக் கலப்புக் காடாக மாற்றினார். அந்தக் காடு இன்றும் இருக்கிறது.

எல்லாமே பெருமைக்குரியவை அல்ல. 1925இல் ஹோமியோபதியை ஆதரித்து எழுதி, சக மருத்துவர்களின் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். 1937இல் ஹிட்லரின் அரசாங்கம், நோபெல் பரிசுக்குப் போட்டியாக ஏற்படுத்திய தேசியப் பரிசை ஏற்றுக்கொண்டார். அவருடைய மருத்துவத்தை மெச்சும்போது இதையும் மறைக்க வேண்டியதில்லை.

1949ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, 87 வயதில், ஸவனில் காலமானார்.

சரி, இப்போ அந்த ஊசி பாதுகாப்பானதா?

பெரும்பாலானவர்களுக்கு, ஆம். சிசேரியன், இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்கு அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்று இது. நிரந்தர நரம்புப் பாதிப்பு நேரக்கூடும், ஆனால் அது மிக மிக அரிது.

• வாழ்நாள் முழுக்க இடுப்பு வலி வருமா? ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். நீண்டகால இடுப்பு வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்தில் இடுப்புக்கு வரும் சுமையும், பிறகு குழந்தையைத் தூக்கி வளர்ப்பதும் பெரிய காரணங்கள்.

• எல்லாருக்கும் போடலாமா? இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், முதுகில் தொற்று உள்ளவர்கள் போன்றோருக்கு ஆபத்து கூடலாம். சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, இதய நோய் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

• ஊசி போடும்போது எதைச் சொல்லணும்? வாய் மரத்தாலோ, காது இரைந்தாலோ, காலில் மின்சாரம்போல் வெட்டினாலோ, உடனே சொல்லுங்கள். நீங்கள் விழித்திருப்பதன் பெரிய நன்மையே அதுதான்.

• வீட்டுக்கு வந்தபின் தலைவலி வந்தால்? உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

அந்த எழுந்தால் வரும், படுத்தால் போகும் தலைவலியை, 1898 ஆகஸ்ட் கடைசியில் பீர் 9 நாள் படுக்கையில் கிடந்து அனுபவித்தார். இன்று ஒரு நோயாளி அதைச் சொன்னதும் மருத்துவருக்குக் காரணம் புரிகிறது, சிகிச்சையும் கைவசம் இருக்கிறது.

அடுத்த முறை அம்மாவோ சித்தியோ அந்த ஊசியைப் பற்றிப் பேசினால், சுத்தியல் அடி வாங்கிய ஹில்டபிராண்டின் கதையை மறக்காமல் சொல்லுங்கள்.